மடிக் கட்டி அம்மா வழியாக வருமா? நாய்களின் பால் சுரப்பிக் கட்டியும் பரம்பரையும்

கேள்வி: 11 ஜூன் 2023, இரவு 9:20

எங்கள் டாஷண்டுக்கு ஏழு வயது. அவளுடைய அம்மா மடியில் கட்டி வந்துதான் செத்தாள். நேற்று இவளைக் குளிப்பாட்டும்போது பின்கால் பக்கத்து முலைக்காம்பை ஒட்டிப் பட்டாணி அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்டது. குட்டி கொடுத்தவரிடம் சொன்னால், "அது பரம்பரை, ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறார். ரத்தம் எடுத்து ஜீன் டெஸ்ட் செய்தால் தெரியுமா? இவள் போட்ட குட்டிகளுக்கும் வருமா?

11 ஜூன் 2023, இரவு 10:45

முதலில் நாளைக் காலையில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

பட்டாணி அளவில் பிடித்தது நல்ல விஷயம். இந்தக் கட்டிகளில் அளவுதான் பெரிய பேச்சு. 3 செ.மீ.க்குக் கீழே, 3 முதல் 5 வரை, 5-க்கு மேல் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். கட்டி கேன்சராகவே இருந்தாலும், முதல் வகுப்பில் இருக்கும்போது எடுத்த நாய்கள் மற்றவற்றைவிட நன்றாக வாழ்கின்றன.

உங்களிடம் சொன்னவர் ஒரே மூச்சில் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். "பரம்பரை" என்பது பாதி உண்மை. "ஒண்ணும் பண்ண முடியாது" என்பது முழுக்கத் தவறு.

12 ஜூன் 2023, காலை 6:30

பாதி உண்மை என்று ஏன் சொன்னேன் என்று இப்போது எழுதுகிறேன்.

இந்த நோய்க்கு மரபணுப் பின்னணி உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் ஸ்வீடனிலிருந்து வந்தது. அங்கே நாய்க்குக் காப்பீடு எடுப்பது சாதாரணம். பெண் நாய்க்குக் கருத்தடை செய்யும் வழக்கமோ குறைவு. அதனால், கர்ப்பப்பையும் சினைப்பையும் உள்ள பெண் நாய்களுக்கு இயல்பாக எவ்வளவு கட்டி வருகிறது என்று பார்க்க அந்த நாடு தோதான இடம். காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண் நாய்களின் கணக்கை எடுத்து 2005-ல் வெளியிட்டார்கள். எட்டு வயதுக்குள் 6% நாய்களுக்கும், பத்து வயதுக்குள் 13% நாய்களுக்கும் ஒரு முறையாவது மடிக் கட்டிக்குக் காப்பீடு கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது ஜாதிவாரிக் கணக்கு. பட்டியலின் உச்சியில் இங்கிலிஷ் ஸ்பிரிங்கர் ஸ்பானியல்: பத்தாயிரம் நாய்-ஆண்டுக்கு (ஒரு நாயை ஒரு வருஷம் கவனித்தால் அது ஒரு நாய்-ஆண்டு) 319 நாய்களுக்குக் கட்டி. அடியில் நீள முடிக் கோலி: அதே கணக்கில் 5. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே மாதிரி வீடுகளில், கிட்டத்தட்ட ஒரே தீனி தின்று வளர்பவை. தீனியோ தண்ணீரோ மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளியை உண்டாக்காது. ரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்று அங்கேதான் பிடித்தார்கள்.

அப்புறம் 2009-ல் அதே ஸ்வீடனின் உப்சாலா நகர ஆராய்ச்சியாளர்கள் அந்த ஸ்பிரிங்கர்களையே எடுத்துக்கொண்டு, மனிதர்களின் மார்பகப் புற்றோடு தொடர்புள்ள பத்து ஜீன்களைச் சோதித்தார்கள். அதில் தெளிவாக நின்றவை இரண்டு: பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2. பெண்களின் மார்பகப் புற்றைப் பற்றிய பேச்சில் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கும் அதே இரண்டு. அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் 1990-ல் மனிதக் குரோமோசோம் 17-ல் இருக்கிறது என்று காட்டினாரே, அந்த பிஆர்சிஏ1 நாயில் 9-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. பிஆர்சிஏ2 நாயில் 25-ல். இந்த ஜீன்களின் ஆபத்தான வடிவம் உள்ள ஸ்பிரிங்கருக்குக் கட்டி வரும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு கூடியது.

நான்கு மடங்கு என்பது பெரிய எண்தான். ஆனால் அந்த வடிவம் இருந்தும் கட்டி வராத நாய்கள் உண்டு, இல்லாமலே வந்தவையும் உண்டு. பாதி உண்மை என்று சொன்னது இதைத்தான்.

12 ஜூன் 2023, மதியம் 1:15

ஜீன் டெஸ்ட் கேட்டீர்களே, அதை விட்டுவிட்டேன்.

சுருக்கமாக: உங்கள் டாஷண்டுக்கு இப்போது அந்த டெஸ்ட் எடுப்பதால் எந்த முடிவும் மாறாது. ஸ்பிரிங்கரில் கண்ட வடிவம் டாஷண்டிலும் அதே வேலையைச் செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு ஜாதியும் சில முன்னோர்களிலிருந்து கிளம்பி, வெளி ரத்தம் கலக்காமல் பெருகியது. ஒரு ஜாதியில் நோயோடு சேர்ந்து ஓடும் அடையாளம், இன்னொரு ஜாதியில் சும்மா பக்கத்தில் நிற்கும் அடையாளமாக இருக்கலாம்.

அதே குழுவின் அடுத்த வேலை 2016-ல் வந்தது. இம்முறை பத்து ஜீனோடு நிற்காமல் மொத்த ஜீனோமையும், அதாவது நாயின் முழு டிஎன்ஏவையும், அலசினார்கள். 11-ஆம் குரோமோசோமில் சிடிகே5ஆர்ஏபி2 என்ற ஜீன் இருக்கும் பகுதி மேலே வந்தது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்கள் ஒழுங்காகப் பங்கு போக உதவும் ஜீன் அது. ஆக இதுவரை ஒரே ஜாதியில் மூன்று இடங்கள். "இருக்கிறது, இல்லை" என்று ஒரு ஸ்விட்ச் போலச் சொல்லும் நோய் இதுவல்ல.

உங்கள் காசை எக்ஸ்ரேக்கும் பயாப்ஸிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

12 ஜூன் 2023, இரவு 8:50

சேலம் தம்பி கேட்டிருக்கிறார்: "எத்தனையோ பிராணிகள் இருக்க, ஏன் அக்கா நாயின் ஜீனை இவ்வளவு தோண்டுகிறார்கள்?"

நல்ல கேள்வி. மனிதர்களில் ஒரு நோயின் ஜீனைத் தேட ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தம் வேண்டும், ஏனென்றால் நாம் அவ்வளவு கலந்து கிடக்கிறோம். ஒரு ஜாதி நாய்க்குள் அவ்வளவு கலப்பு இல்லை. நீள நீளமான டிஎன்ஏ துண்டுகள் உடையாமல் தலைமுறை தலைமுறையாக அப்படியே வருகின்றன. சில நூறு நாய்களை வைத்தே எந்தத் துண்டில் கோளாறு என்று சொல்லிவிட முடிகிறது. டாஷா என்ற பாக்ஸர் பெண் நாயின் முழு ஜீனோம் 2005 டிசம்பரில் வெளியானது. அதிலிருந்து இந்தத் தேடல் வேகம் பிடித்தது. அந்த வேலையை முன்னின்று நடத்திய கெர்ஸ்டின் லிண்ட்பிளாட்-டோ ஸ்வீடன்காரர்; மேலே சொன்ன ஸ்பிரிங்கர் ஆராய்ச்சிகளிலும் அவர் உண்டு.

இன்னொரு காரணம்: இந்தக் கட்டி நாய்க்குத் தானாக வருகிறது, எலிக்கு வரவழைப்பது போல வரவழைக்க வேண்டியதில்லை. நம்மோடு ஒரே வீட்டில், ஒரே காற்றில், நம்மைவிட வேகமாக வயசாகி அதற்கு வருகிறது.

14 ஜூன் 2023, காலை 7:10

கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருக்கிறார். டாக்டர் இரண்டு வரிசையையும் தடவிப் பார்த்ததில் மறுபக்கம் இன்னும் ஒன்று, அரிசி மணி அளவில். அது பரவியதா என்று பயந்திருக்கிறார்.

பயப்பட வேண்டாம். மடிக் கட்டி வந்த பெண் நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கட்டி இருப்பதுதான் வழக்கம். ஐந்து ஜோடி, பத்து சுரப்பி. எல்லாம் அதே ஹார்மோனில் அதே காலம் ஊறியவை. கடைசி இரண்டு ஜோடி பெரியவை, கட்டி அதிகம் வருவதும் அங்கேதான். ஒவ்வொரு கட்டியும் தனிக் கதை. ஒன்று தீங்கில்லாததாகவும் பக்கத்திலேயே இருப்பது புற்றாகவும் இருக்கலாம். அதனால்தான் எடுக்கும்போது எல்லாவற்றையும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். "பெரியதை மட்டும் அனுப்புகிறோம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஊசி குத்திச் செல் எடுத்துப் பார்ப்பது தொடக்கத்துக்குச் சரி. ஆனால் மடிக் கட்டியில் நல்லதா கெட்டதா என்று உறுதியாகச் சொல்ல அது போதாது. முழுக் கட்டியை வெட்டி எடுத்து ஓரங்களையும் சேர்த்துப் பார்ப்பதே முடிவு. அதற்கு முன் நெஞ்சு எக்ஸ்ரே, அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்ற பரிசோதனை.

ஒரே ஒரு எச்சரிக்கை. தனியாக உருளும் கட்டியாக இல்லாமல், மடி முழுவதும் சிவந்து, சூடாக, தோல் தடித்து வலிக்கிறது என்றால் கத்தி வைப்பதற்கு முன் டாக்டர் ரொம்ப யோசிப்பார். வீக்கத்தோடு வரும் அந்த வகைப் புற்று வேறு ஜாதி. அதில் ஆபரேஷன் உதவுவதில்லை.

14 ஜூன் 2023, இரவு 9:30

என் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பரம்பரைக் கேள்வி என்னைப் பல வருஷமாகப் போட்டு வாட்டியது.

எங்களிடம் இருந்ததும் டாஷண்ட்தான். அம்மா பொம்மி, மகள் குட்டிமா. பொம்மிக்கு ஒன்பது வயதில் கட்டி வந்தது. முதலில் காட்டிய இடத்தில், "சின்னதுதானே, வளர்ந்தால் வாங்க" என்றார்கள். வளர்ந்தது. எலுமிச்சை அளவானபோது வேறு டாக்டரிடம் போனோம். அதற்குள் நுரையீரலில் இறங்கியிருந்தது. அவள் போனதற்குச் சில வருஷம் கழித்துக் குட்டிமாவுக்கும் அதே வயதில், அதே கடைசிச் சுரப்பியில் வந்தது. ரத்தத்திலேயே இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். யாருக்குத்தான் தோன்றாது?

குட்டிமாவுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரம்மா பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக விசாரித்தார். எத்தனை ஈத்து, எப்போது ஹீட் (இணைசேரும் பருவம்), என்னென்ன மருந்து. அப்போதுதான் என் மாமியார் சொன்னார்: ஹீட் வராமல் இருக்க இரண்டுக்குமே ஊசி போட்டுக்கொண்டிருந்தோம் என்று. தெருவில் ஆண் நாய்கள் கூடுகின்றன என்பதற்காக, வருஷக் கணக்கில். அம்மாவுக்கும் மகளுக்கும் ஜீன் மட்டும் பொதுவில்லை. அந்த ஊசியும் பொது.

குட்டிமாவின் கூடப் பிறந்தவள் ஒருத்தி திருப்பூரில் ஒரு வீட்டுக்குப் போனாள். அவர்கள் இரண்டாவது ஹீட்டுக்கு முன்பே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அதே அம்மா, அதே அப்பா. அவள் வயசாகி இதயக் கோளாறில்தான் போனாள், மடி கடைசிவரை சுத்தம். ஒரு குடும்பத்தை வைத்து விஞ்ஞானம் பேச முடியாது, தெரியும். ஆனால் அதற்குப் பிறகு "பரம்பரை" என்று யார் சொன்னாலும், ஊசி போட்டீர்களா என்றுதான் என் வாயில் முதலில் வருகிறது.

சகோதரி, உங்கள் நாயின் அம்மாவுக்கு ஊசி போட்டார்களா என்று அந்தக் குட்டி கொடுத்தவரிடம் கேட்டுப் பாருங்கள்.

15 ஜூன் 2023, காலை 6:55

ஊசியைப் பற்றி இரவு நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள்.

அதில் இருப்பது பெரும்பாலும் மெட்ராக்ஸிபுரொஜெஸ்டிரோன். சினைக்கு உடம்பைத் தயார் செய்யும் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் போலவே நடந்துகொள்ளும் மருந்து. நாயில் அது ஒரு விசித்திரமான காரியம் செய்கிறது: பால் சுரப்பியே வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. வழக்கமாகத் தலைக்குள் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி செய்கிற வேலை அது. நெதர்லாந்தில் யூட்ரெக்ட் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 1990-களில் இதைக் கண்டுபிடித்தார்கள். சுரப்பியின் செல்கள் தமக்குத் தாமே உரம் போட்டுக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் செல்லில் ஏற்கெனவே ஜீன் கோளாறு இருக்கிறதோ அதுவும் சேர்ந்து பெருகும்.

இதில் மனிதர்களின் கதையும் கலந்திருக்கிறது. பெண்களுக்கான கருத்தடை ஊசியாக இதே மருந்தை அமெரிக்காவில் கொண்டுவர முயன்றபோது, அதைப் போட்ட பீகிள் நாய்களுக்கு மடிக் கட்டி வந்தது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1978-ல் அனுமதி மறுத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். பெண்களின் உடல் பீகிள் போல நடந்துகொள்வதில்லை என்று நீண்ட விவாதம் நடந்து, 1992-ல்தான் அனுமதி கிடைத்தது. பெண்களுக்குச் சரி என்று ஆன மருந்து நாய்க்கும் சரி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆபத்து நாய்க்குத்தான் என்று காட்டியதே அந்த பீகிள்கள்தான்.

ஊசி போடாத நாய்க்கும் இந்த ஹார்மோன் குறைவில்லை. ஹீட் முடிந்த பின், சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், சுமார் இரண்டு மாதம் புரொஜெஸ்டிரோன் உச்சத்திலேயே இருக்கும். ஒவ்வொரு ஹீட்டுக்கும் சுரப்பி முழுக்கத் தயாராகி, பிறகு வற்றும். சில நாய்களுக்குப் பொய்ச் சினையில் பாலே வருவது அதனால்தான். அப்போது மடி முழுவதும் மெத்தென்று வீங்கியிருக்கும். தனியாக உருளும் கட்டி அதுவல்ல. குழம்ப வேண்டாம்.

15 ஜூன் 2023, இரவு 10:05

ஒரு நண்பர் எழுதியது: "முதல் ஹீட்டுக்குப் பின் ஸ்பே (சினைப்பையையும் கர்ப்பப்பையையும் எடுக்கும் ஆபரேஷன்) செய்தாலும் 8% நாய்களுக்குக் கேன்சர் வருமாம், இரண்டாவதுக்குப் பின் 26%. நாலில் ஒன்று! அப்புறம் எதற்கு ஆபரேஷன்?"

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் இப்படித்தான் தலைகீழாகச் சுற்றுகிறது. இது 1969-ல் கலிஃபோர்னியாவில் ஷ்னைடரும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு. அந்த எண்கள் "இத்தனை சதவீத நாய்களுக்கு வரும்" என்பதல்ல. ஆபரேஷன் செய்யாத நாய்க்கு இருக்கும் ஆபத்தில் எத்தனை பங்கு மிஞ்சுகிறது என்பது. முதல் ஹீட்டுக்கு முன் செய்தால் மிஞ்சுவது 0.5%. ஒரு ஹீட்டுக்குப் பின் 8%. இரண்டோ அதற்கு மேலோ ஆன பின் 26%. செய்யாத ஒரு கூட்டத்தில் 100 நாய்க்கு வருகிறது என்றால், அதே அளவுள்ள கூட்டத்தில் ஒரு ஹீட்டுக்குப் பின் செய்தவற்றில் சுமார் 8 நாய்க்கு வரும். நாலில் ஒன்று என்று பயந்து ஆபரேஷனை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

16 ஜூன் 2023, காலை 9:00

நேற்று எழுதியதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதையும் வைத்துவிடுகிறேன். லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜைச் சேர்ந்தவர்கள் 2012-ல், அதுவரை வந்த எல்லா ஆய்வுகளையும் எடுத்து எடைபோட்டார்கள். முடிவு: ஸ்பே காப்பாற்றுகிறது என்பதற்கான ஆதாரம் எல்லோரும் நினைக்கும் அளவுக்கு வலுவானதல்ல. 1969 ஆய்வு உட்படப் பலவற்றில் நாய்களைத் தேர்ந்த விதத்திலேயே சாய்வு இருக்கலாம் என்றார்கள்.

என் எண்ணம்: 0.5, 8, 26 என்ற துல்லியத்தை நம்ப வேண்டாம்; திசையை நம்பலாம். சினைப்பை இல்லையென்றால் அந்த இரண்டு மாத ஹார்மோன் அலையே இல்லை. அதை எந்தச் சாய்வும் மாற்றாது.

ஆனால் எல்லா ஜாதிக்கும் ஒரே வயதில் கத்தி வைக்க வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கோல்டன் ரிட்ரீவர்களை வைத்து 2013-ல் வந்த ஆய்வு, ஒரு வயதுக்கு முன் ஆபரேஷன் செய்தவற்றில் மூட்டுக் கோளாறுகள் கூடியதைக் காட்டியது. பெரிய உடம்பு, மெதுவாக வளரும் எலும்பு. அங்கே மடியை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. ஸ்பிட்ஸ், டாஷண்ட் வைத்திருப்பவர் முடிவும் கோல்டன் வைத்திருப்பவர் முடிவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

16 ஜூன் 2023, காலை 9:20

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு வயதுக்குள் குண்டாக இருந்த நாய்களுக்குப் பின்னாளில் கட்டி அதிகம் என்று 1990-களில் அமெரிக்காவிலும் மாட்ரிடிலும் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார்கள். "குட்டிதானே, தின்னட்டும்" என்று தட்டை நிரப்பும் பாட்டிமார்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் படித்துக் காட்டியும் பலனில்லை, இட்லி போய்க்கொண்டேதான் இருந்தது.

21 ஜூன் 2023, இரவு 8:15

"கட்டியையே டெஸ்ட் செய்தால் ஜீன் தெரியுமே, அது குட்டிகளுக்குப் போகுமா?" என்று கேட்டவருக்கு.

இரண்டு வகை மாற்றத்தைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று பிறவியிலேயே எல்லாச் செல்லிலும் இருப்பது. முட்டை வழியாகவோ விந்து வழியாகவோ வந்தது, அடுத்த தலைமுறைக்கும் போகும். ஸ்பிரிங்கர் ஆய்வுகள் பார்த்தது இதை. மற்றொன்று வாழ்நாளில் மடியின் ஒரு செல்லில் விழுந்த மாற்றம். கட்டியோடு நின்றுவிடும், குட்டிக்குப் போகாது.

இரண்டாவது வகையைக் கொரியாவில் ஒரு குழு 2020-ல் விரிவாகப் பார்த்தது. நாய்களின் மடிக் கட்டிகளில் அடிக்கடி மாறியிருந்த ஜீன் பிஐகே3சிஏ. பெண்களின் மார்பகக் கட்டியிலும் அடிக்கடி மாறும் ஜீன்களில் ஒன்று அது. படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. இரண்டு பிராணிகளும் பல கோடி வருஷம் முன்பே பிரிந்தவை, கோளாறு வரும் இடம் ஒன்று.

ஆக, உங்கள் நாயின் கட்டியில் ஜீன் மாறியிருக்கிறது என்றால் குட்டிக்கு ஆபத்து என்று அர்த்தமில்லை. எல்லாக் கட்டியிலும் ஏதோ ஒரு ஜீன் மாறியிருக்கும், அதனால்தான் அது கட்டி.

22 ஜூன் 2023, மதியம் 2:40

டமாக்ஸிஃபென் கொடுக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். மார்பகப் புற்று வந்த அத்தைக்குக் கொடுத்தார்கள், நாய்க்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பி ஒன்றுதானே என்று.

வேண்டாம். பெண்களின் மார்பில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் அந்த மாத்திரை, நாயின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் போலவே வேலை செய்கிறது. பிறப்புறுப்பு வீங்கும், திரவம் வடியும், கர்ப்பப்பை எடுக்காத நாய் என்றால் அதில் சீழ் கோத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஜீன் ஒன்றாக இருந்தாலும் உடம்பு வேறு. வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

2 ஜூலை 2023, காலை 7:45

சகோதரியின் நாய்க்கு ஆபரேஷன் முடிந்தது. கட்டிகளோடு கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். பயாப்ஸி இன்னும் வரவில்லை.

"ஏழு வயதுக்குப் பின் அதை எடுத்து என்ன பிரயோஜனம்?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். பிரயோஜனம் உண்டு. நார்வேயில் தீங்கில்லாத கட்டி வந்த நாய்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு பாதிக்குக் கட்டியோடு சினைப்பையும் எடுத்தார்கள், மறுபாதிக்குக் கட்டியை மட்டும். 2013-ல் வந்த முடிவில், சினைப்பை எடுத்தவற்றில் புதிதாகக் கட்டி வந்தது மற்றவற்றில் வந்ததில் ஏறக்குறைய பாதிதான். மீதி எட்டுச் சுரப்பிகள் இன்னும் உள்ளே இருக்கின்றன அல்லவா, அவற்றுக்காகத்தான்.

11 ஜூலை 2023, இரவு 9:10

பயாப்ஸி வந்துவிட்டது! பெரியது தீங்கில்லாத கலப்புக் கட்டி. உள்ளே குருத்தெலும்பு, அதனால்தான் கல் மாதிரி இருந்தது. நாய்களில் இது சகஜம். சின்னது, அரிசி மணி, அதுதான் புற்று. ஓரங்கள் சுத்தம், ரத்தக் குழாய்க்குள் இறங்கவில்லை.

எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னது இதற்குத்தான். பெரியதை மட்டும் அனுப்பியிருந்தால் "ஒன்றுமில்லை" என்று நிம்மதியாக வீட்டில் இருந்திருப்பார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீதிச் சுரப்பிகளையும் நெறியையும் டாக்டர் தடவிப் பார்க்க வேண்டும். நடுவில் நீங்களே வாரம் ஒருமுறை பாருங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, விரல் நுனியால், காம்பைச் சுற்றி, அக்குள் வரை. தொப்பையைச் சொறிந்து கொடுத்தபடி செய்தால் எந்த டாஷண்டும் மறுக்காது.

11 ஜூலை 2023, இரவு 9:35

சின்ன ஜாதி நாய்களில் புற்றாக இருக்கும் பங்கு குறைவு என்று ஜப்பானில் பார்த்திருக்கிறார்கள். பெரிய ஜாதிகளில் நிலைமை மோசம். பொதுவாகச் சொல்லும் "பாதிக்குப் பாதி" என்ற கணக்கு எல்லா ஜாதிகளையும் கலந்து சொன்னது. டாக்டர் "50 சதவீதம்" என்றதும் தலையில் கை வைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். பூனை வைத்திருப்பவர்கள் மட்டும் இதைத் தமக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். பூனைக்கு மடியில் கட்டி என்றால் பெரும்பாலும் புற்றேதான், ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

30 ஜூலை 2023, மாலை 5:50

"ராஜபாளையம், சிப்பிப்பாறைக்கெல்லாம் இது வராது, அவை நம் மண்ணின் நாய்கள்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார்.

எனக்கும் நம் நாய்கள் மேல் பாசம் உண்டு. ஆனால் மண் சினைப்பையை மாற்றாது. ஹீட் வரும் எந்தப் பெண் நாய்க்கும் இது வரலாம், தெரு நாய் உட்பட. நம் ஜாதிகளை மீட்க வேண்டும் என்று சில நல்ல நாய்களிலிருந்தே திரும்பத் திரும்பக் குட்டி எடுக்கும்போது ரத்தம் நெருங்கிக்கொண்டே போகும். ஸ்பிரிங்கரில் நடந்தது இங்கே நடக்காமல் இருக்க, மீட்பவர்கள் இப்போதே நோய்க் குறிப்பும் எழுதி வைக்க வேண்டும். உயரம், நிறம், ஓட்டம் எல்லாம் எழுதுகிறார்கள். பாட்டி எதனால் செத்தாள் என்று எழுதுவதில்லை.

19 ஆகஸ்ட் 2023, இரவு 10:20

கேட்டு வந்துவிட்டார் சகோதரி. குட்டி கொடுத்தவரிடம் விசாரித்ததில், அம்மாவுக்கு ஊசி எதுவும் போட்டதில்லையாம். நான்கு ஈத்து. அம்மாவின் அக்காவுக்கும் கட்டி வந்திருக்கிறது. பாட்டியைப் பற்றி யாருக்கும் நினைவில்லை.

அப்படியென்றால் இந்தக் குடும்பத்தில் ரத்தத்தின் பங்கு கூடுதலாக இருக்கலாம் என்று என் எண்ணம் சாய்கிறது. என் பொம்மி, குட்டிமா கதையை வைத்து எல்லாக் குடும்பத்தையும் அளக்கக் கூடாது. ஊசி இல்லாமல் அம்மா, பெரியம்மா, மகள் என்று மூன்று பேருக்கு வந்தால், ஜீனைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. மறுபுறம், மூன்று பேருமே ஹீட் நிற்காமல் வயசானவர்கள்.

20 ஆகஸ்ட் 2023, காலை 6:40

இப்போது கடைசிக் கேள்வி. இவள் போட்ட ஆண் குட்டி ஒன்று கண்காட்சியில் பரிசு வாங்கியிருக்கிறான். மேட்டிங்குக்குக் கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். "ஆணுக்குத்தான் இந்த நோய் வராதே, கொடுக்கலாம்தானே?"

ஆணுக்கு மிக மிக அரிதாகத்தான் வரும், சரி. ஆனால் நாம் பேசிய ஜீன்கள் 9, 11, 25-ஆம் குரோமோசோம்களில் இருக்கின்றன, பாலினக் குரோமோசோமில் இல்லை. அம்மாவிடமிருந்து மகனுக்குப் பாதி வாய்ப்போடு போகும். அவனிடம் சத்தமில்லாமல் இருந்து, அவன் மகள்களுக்குப் போகும். ஒரு பெண் நாய் வாழ்நாளில் சில ஈத்து போடும். பரிசு வாங்கிய ஓர் ஆண் அதைப் போலப் பல மடங்கு குட்டிகளுக்கு அப்பனாகலாம். ஒரு ஜாதிக்குள் கெட்ட வடிவம் பரவும் வேகமான வழி அதுதான்.

இன்னொரு சிக்கல் வயது. கட்டி எட்டு, பத்து வயதில் தலை காட்டுகிறது. நாயை இனப்பெருக்கத்துக்கு விடுவது இரண்டு, மூன்று வயதில். நோய் தெரிவதற்குள் பேத்தியே குட்டி போட்டிருப்பாள். மற்ற பல நோய்களைத் தேர்ந்தெடுத்து ஒதுக்குவது போல இதை ஒதுக்க முடியாமல் போவது இதனால்தான். அப்பா அம்மாவைப் பார்த்துப் பலனில்லை, அவர்கள் இன்னும் இளசு. பாட்டியையும் பாட்டியின் கூடப் பிறந்தவர்களையும் கேட்க வேண்டும்.

சகோதரிக்கு நான் சொன்னது: அவனைக் கொடுக்காதீர்கள். அவன் அம்மாவுக்கும் பாட்டிக்கும் பாட்டியின் அக்காவுக்கும் வந்திருக்கிறது, அது போதும். அவன் கூடப் பிறந்த பெண் குட்டிகள் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று பட்டியல் எடுத்து, பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகலை ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்புங்கள். ஸ்பே செய்வதா, எப்போது என்று அவரவர் டாக்டரிடம் பேச அந்தத் தாள் உதவும். ஏற்கெனவே இரண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். மூன்றாவது வீட்டுக்காரர் நம்பர் மாற்றிவிட்டார், குட்டி கொடுத்தவர் மூலமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.